விதிவிலக்கும் ஒழுக்கமும்

இலண்டனில் ஈமச்சடங்குகளை ஒழுங்குசெய்வதைத் தொழிலாகக் கொண்டிருந்த வில்லியம் பான்டிங், தம் பருமனைக் குறைத்த வரலாற்றை 1863 இல் சிறுநூலாக வெளியிட்டார். ஹார்வி என்னும் வைத்தியரின் ஆலோசனைப்படி பாண், சீனி, உருளைக்கிழங்கு, பியர் என்பவற்றை விலக்கிய அவர், ஏறத்தாழ ஓராண்டில் 46 இறாத்தல் குறைந்தார். வியப்பு யாதெனில், அவ்வுணவுமுறை மதுவை முற்றாக விலக்கவில்லை. போர்ட்டும் ஷம்பெயினும் ஆகா. மதிய உணவோடு கிளாரெட் இரண்டு மூன்று கிண்ணம் ஆகும்.

இச்சலுகை ஒழுக்கத்தில் விழுந்த ஓட்டையா? அன்று. அளவை முன்னரே வகுத்து, விருந்தொன்றில் அவ்வளவோடு எழுபவன் விதியை மீறியவனல்லன்; அருந்திக்கொண்டே அளவை வகுப்பவன்தான் மீறுகின்றான்.

ஆயினும் இக்கணக்கில் ஒரு சூது உண்டு. விஸ்கியில் காபோவைதரேற்று இல்லை, ஆகவே விதி பிழைத்தது என்பர். வழக்கறிஞருக்கு உவப்பான வாதம், உடம்போ நீதிமன்றமன்று. அற்ககோல் கிராமொன்றுக்கு 7 கலோரி தருவது. உடம்பு அதனையே முதலில் எரிக்க முற்படுவதால் கொழுப்பு எரிதல் பின்தள்ளப்படுகின்றது. விதியின் சொல்லுக்குள் நின்றவாறே அதன் நோக்கத்தைத் தோற்கடித்தல் இவ்வாறு இயல்வதாகின்றது.

மற்றைய சலுகைகளுக்கில்லாத இடர் ஒன்றும் இதற்குண்டு. கேக் துண்டொன்றை உண்டவன் அடுத்ததை மறுக்கும் அறிவை இழப்பதில்லை. மதுவோ, அளவைக் காக்கவேண்டிய அறிவையே முதலில் மங்கச் செய்கின்றது. ஆதலின் இரண்டாங் கிண்ணம் பற்றிய முடிவு, முதலாவது நிரப்பப்படுமுன்னரே எடுக்கப்படவேண்டியதாகின்றது.