ஓடுகிறது என்பதற்காக நம்பலாமா?

ஆஸ்திரேலியப் பண்ணைகளில் ஆளைக் கொல்லும் இயந்திரம் எது என்று கேட்டால், நெடுங்காலம் டிராக்டரைத்தான் காட்டுவார்கள். பிறகு அந்த இடத்துக்கு குவாட் பைக் வந்தது. பருத்த டயர்கள் நான்கு, மோட்டார் சைக்கிளின் கைப்பிடி, காலைப் பரப்பி உட்காரும் இருக்கை. ஆட்டு மந்தையை மடக்க, வேலியைச் சுற்றிப் பார்க்க, களைக்கொல்லி தெளிக்க அதைவிடத் தோதான வண்டி அங்கே இல்லை. அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையத்தின் கணக்குப்படி, ஆண்டுக்குச் சராசரியாக 16 பேர் அதில் இறந்துகொண்டிருந்தார்கள். அந்த மரணங்களில் பெரும்பங்கு, வண்டி புரண்டு ஓட்டியவர்மேல் விழுந்ததால் நேர்ந்தவை. உயிரைப் பறிக்கும் காயம் எதுவும் இல்லாமல், மார்பின்மேல் கிடந்த பாரத்தால் மூச்சுவிட முடியாமலே இறந்தவர்கள் உண்டு.

வண்டி புரண்டதற்கு அதில் பழுது இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. காலையில் முதல் அழுத்தலிலேயே கிளம்பிய, எஞ்சினில் ஒரு குறையும் இல்லாத வண்டியும் புரளும்.

‘நம்பகமான வண்டி’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் எதை நம்புகிறார் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. மெக்கானிக்கைக் கேட்டால் அவருக்குத் தெரிந்த பட்டியலைச் சொல்வார். சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் அச்சின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழியும். கிரீஸ் வெளியே போகும், மணல் உள்ளே வரும், திருப்பும்போதெல்லாம் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கும். பெல்ட்டால் ஓடும் வண்டியை ஆழமான ஓடையில் இறக்கினால் பெல்ட் நனைந்து வழுக்கும். ரேடியேட்டரில் சேறு அப்பிக் காய்ந்தால் எஞ்சின் கொதிக்கும். சேற்றைப் போக்க உயர் அழுத்தத் தண்ணீரை நேராக அடித்தாலோ, அதுவே பேரிங்குக்குள் புகுந்து துருவை வரவழைக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கும், பழைய பெட்ரோல் கார்பரேட்டரை அடைக்கும். புழுதிக் காட்டில் ஏர் ஃபில்டரை மறந்தவர் எஞ்சினையே திறக்க வேண்டிவரும்.

இவை பெரும்பாலும் நேர்மையான பழுதுகள். சத்தம் போடும், சூடேறும், கிளம்ப மறுக்கும். வருவதற்கு முன்பே சொல்லிவிட்டு வரும். பணமும் பொழுதும் போகலாம், உயிர் போவது அரிது. இன்னொரு வகை உண்டு, அது பழுதே அல்ல. பண்ணை வேலைக்கான பல குவாட் பைக்குகளில் பின் அச்சில் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுழலும். திருப்பத்தில் உள்சக்கரம் சற்று வழுக்கினால்தான் வண்டி வளையும், அதற்கு ஓட்டுபவர் தன் உடலின் எடையை மாற்றிச் சாய வேண்டும். டயரின் காற்றழுத்தமோ மிகக் குறைவு, பல வண்டிகளில் 5 பிஎஸ்ஐக்கும் கீழே. இடது வலதுக்கு இடையே ஒரு பிஎஸ்ஐ வேறுபட்டாலே கைப்பிடியின் போக்கு மாறும். காருக்கான மானியில் அந்த வேறுபாடு சரியாகத் தெரிவதுகூட இல்லை. பின்னால் பாதி நிரம்பிய மருந்துத் தொட்டியும் இருந்தால், சரிவில் தண்ணீர் ஒரு பக்கம் சாயும்போது வண்டியின் பாரமும் கூடவே சாய்கிறது. இத்தனையும் வடிவமைத்தபடியே நடப்பவை.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று இந்தியத் தர்க்க மரபு பல நூற்றாண்டுகள் சண்டையிட்டிருக்கிறது. ஓர் அறிவு தோன்றும்போதே மெய்யானதாகத்தான் தோன்றுகிறது, அதற்குத் தனியாகச் சான்று தேவையில்லை என்பது மீமாம்சகர் கட்சி. ஏழாம் நூற்றாண்டின் குமாரிலர் இதை விரிவாக வாதாடினார். ஒவ்வோர் அறிவுக்கும் இன்னோர் அறிவு சான்றளிக்க வேண்டுமென்றால் அந்தச் சங்கிலிக்கு முடிவே இராது. எனவே மறுப்பு வரும்வரை நம்புவதே முறை. நம்பிக்கை விழுவதற்கு அவர்கள் சொன்ன வழி இரண்டு: பிறகு வரும் அறிவு முந்தையதைப் பொய்யாக்குவது ஒன்று, அறிவைத் தந்த காரணத்திலேயே குறை இருப்பது தெரியவருவது மற்றொன்று. நியாய மரபினர் இதை ஏற்கவில்லை. தொலைவில் தெரிவது தண்ணீரா கானலா என்பது போய்க் குடித்த பிறகே உறுதியாகும், செயல் பலித்தால்தான் அறிவு மெய் என்றார்கள். பழகிய இடத்தில் ஒவ்வொரு தடவையும் சோதிக்க வேண்டாம், முன் அனுபவத்தின் ஒப்புமை போதும் என்று ஒரு சலுகையும் தந்தார்கள்.

விவசாயி அந்தச் சலுகையில்தான் வாழ்கிறார். அதே மேய்ச்சல் நிலம், அதே சரிவு, அதே வண்டி. ஆயிரம் தடவை பலித்திருக்கிறது. ஆனால் பலித்தது எது? தாகம் தீர்ந்ததால் அது தண்ணீர் என்று தெரிந்தது; இறங்கி நடக்கலாமா, ஆழம் எவ்வளவு என்பது தெரியவில்லை. வண்டி தவறாமல் கிளம்பியதால் உறுதியானது எஞ்சின்தான். அங்கே சம்பாதித்த நம்பிக்கையை அவர் சரிவில் செலவழிக்கிறார். எஞ்சின் எவ்வளவு உத்தமமோ அவ்வளவு தாராளமாகச் செலவழிக்கிறார். அடிக்கடி நின்றுபோகும் வண்டியை வைத்திருப்பவர் எதையும் ஒரு கணம் யோசித்துத்தான் செய்வார். ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார்: ஆராயாமல் எவரையும் நம்பாதே, ஆராய்ந்த பின் எதற்கு உரியவரோ அதில் நம்பு என்பது 509ஆம் குறளின் கருத்து. அரசன் ஆள் தேர்வதைப் பற்றிச் சொன்னது; வண்டிக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

மனிதர்கள் நம்பிக்கையை இப்படி இடம் மாற்றுவது புதிதல்ல. 1970இல் ஹோண்டா கொண்டுவந்த, இதே இனத்து மூன்று சக்கர வண்டி அமெரிக்காவில் பெரும் மோகத்தைக் கிளப்பியது. விபத்துகள் பெருகின, வழக்கு வந்தது, 1988இல் நீதிமன்ற உடன்பாட்டின்படி புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. சுசுகி 1982இலேயே நான்கு சக்கரத்தில் ஒன்றை இறக்கியிருந்தது. சந்தை முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. மூன்றைவிட நான்கு நிலையானது என்பது உண்மையே. அந்த உண்மையிலிருந்து ‘நான்கு சக்கரம் கவிழாது’ என்ற முடிவுக்குத் தாவியது யார் குற்றம்?

குமாரிலரின் நிலைப்பாட்டை இக்கால வணிகத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சிக்கல் வெளிப்படும். குறை தெரியும்வரை நம்பலாம், சரி, யாருக்குத் தெரியும்வரை? குவாட் பைக்கின் நெருங்கிய உறவான, இருவர் அருகருகே அமரும் ஆர்.இசட்.ஆர். வண்டிகளில் ஏறத்தாழ 1,33,000ஐ, தீப்பற்றும் அபாயத்துக்காக பொலாரிஸ் நிறுவனம் 2016இல் திரும்ப அழைத்தது. அதற்குள் 160க்கு மேற்பட்ட தீவிபத்துப் புகார்கள் வந்திருந்தன. குறைகளைச் சட்டப்படி உடனே தெரிவிக்கவில்லை என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் குற்றம்சாட்ட, 2018இல் 2 கோடியே 72.5 லட்சம் டாலர் அபராதத்துக்கு நிறுவனம் உடன்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வாங்கி ஓட்டியவர்களின் நம்பிக்கையில் மீமாம்சகர்கூடத் தவறு காண மாட்டார். அதைக் கலைத்திருக்க வேண்டிய செய்திதான் அவர்கள் கைக்கு வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் நடந்த தகராறு சான்று காட்டும் பொறுப்பைப் பற்றியது. இருக்கைக்குப் பின்னால் ஒரு பாதுகாப்பு வளைவைப் பொருத்தினால், வண்டி புரண்டாலும் அடியில் ஆள் நசுங்காமல் கொஞ்சம் இடம் மிஞ்சும் என்றார்கள் ஒரு சாரார். வளைவின் பயன் நிரூபிக்கப்படவில்லை, அதுவே காயப்படுத்தலாம், தலைக்கவசமும் பயிற்சியுமே வழி என்றார்கள் பெரிய உற்பத்தியாளர்கள். பயிற்சியை அவர்கள் குறிப்பிட்டது பொய்யல்ல. உடல் எடையை மாற்றி ஓட்டும் வண்டிக்கு அது வேண்டும்தான். ஆனால் அந்த வாதத்தில் தவறுவது எப்போதும் மனிதனாகவே இருக்கிறான், இயந்திரம் ஒருபோதும் பிழைக்கு உட்படுவதில்லை. கடவுளுக்குத் தரும் சலுகையை வண்டிக்கும் தருவது சற்று அதிகம். அரசு வளைவின் பக்கம் நின்றது. 2021 அக்டோபர் 11 முதல் அங்கே விற்கப்படும் புதிய பண்ணை குவாட் பைக்குகளுக்கு வளைவு கட்டாயம், பக்கவாட்டில் 28.81 பாகைக்குக் குறைந்த சாய்வில் இரு சக்கரத்தில் எழவும் கூடாது. ஹோண்டா, யமஹா உள்ளிட்ட பெயர்பெற்ற நிறுவனங்கள் வளைவு பொருத்துவதைவிட அந்தச் சந்தையை விட்டுப் போவதே மேல் என்று அறிவித்தன.

அந்த விதி புதிய வண்டிகளையும் வெளிநாட்டிலிருந்து வரும் பழைய வண்டிகளையுமே கட்டுப்படுத்தும். ஏற்கெனவே பண்ணைகளில் இருப்பவற்றைத் தொடாது. அவையோ எளிதில் சாகிற வண்டிகள் அல்ல. எண்ணெய் மாற்றி, பேரிங் மாற்றி வைத்தால் இருபது ஆண்டுகள் உழைப்பவை. வளைவில்லாத வண்டிகள் இவ்வளவு காலம் களத்தில் இருப்பதற்கு அவற்றின் நம்பகமே காரணம். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசுகள், பழைய வண்டிக்கு வளைவு வாங்கிப் பொருத்தும் விவசாயிகளுக்கு அந்தச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டங்களை நடத்தியது இதனால்தான்.