அச்சின் உயரம்

உயர வேண்டும் என்ற ஆசையைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். மண்ணைக் கீறிக்கொண்டு முளை கிளம்புவதே அந்த ஆசையால்தான். ஆனால் எது உயர்கிறது, எதற்காக உயர்கிறது, யார் செலவில் உயர்கிறது என்று ஒருவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா?

இந்த விசாரத்துக்குக் காரணம் ஒரு ஜீப். என் சிநேகிதர் ஒருவரின் மகன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, சிதம்பரத்தில் வியாபாரம். 'தார்' வண்டி வாங்கினான். வாங்கிய மறுமாதமே ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் தூக்க வேண்டும், பெரிய சக்கரங்கள் போட வேண்டும் என்று புறப்பட்டுவிட்டான். முதுநகரில் ஒரு வயதான மேஸ்திரியிடம் அவன் யோசனை கேட்கப் போனபோது நானும் உடன் இருந்தேன்.

"தூக்கினா பார்க்க நல்லாத்தான் இருக்கும் தம்பி. ஆனா கல்லுல இடிக்கிறது எது? பின் அச்சு நடுவுல குடம் மாதிரி தொங்குது பாரு, அதுதான். ஸ்பிரிங்கை மாத்தினா பாடி ஏறும், அந்தக் குடம் ஏறாது" என்றார் மேஸ்திரி.

"அதுக்குத்தான் பெரிய டயர் போடறேங்கறேன்."

"டயர் ரெண்டு அங்குலம் பெரிசானா அச்சு ஒரு அங்குலம் ஏறும். அவ்வளவுதான்."

கணக்கு சரிதான். அச்சு சக்கரத்தின் மையத்தில் இருக்கிறது. விட்டத்தில் கூடுவதில் பாதிதான் அதற்குக் கிடைக்கும். மேஸ்திரி வண்டியைப் பற்றித்தான் பேசினார். எனக்கோ நினைவு எங்கெங்கோ ஓடிற்று. பணத்தாலும் பதவியாலும் நாம் நம்மைத் தூக்கிக் கட்டிக்கொள்கிறோம். ஊரார் கண்ணில் படுகிற பாகம் உயர்ந்துவிடுகிறது. கஷ்டகாலத்தின் கல் வந்து மோதுகிற பாகமோ இருந்த உயரத்திலேயே இருக்கிறது!

தூக்குவதால் பயனே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. மேட்டில் ஏறும்போது வண்டியின் மூக்கு இடிக்காது; வயிறு உரசாது; பெரிய சக்கரம் சுழல இடம் கிடைக்கும். ஆனால் இந்தப் பயனுக்கு ஒரு விலை உண்டு. பாரத்தின் மையம் மேலே போவதால் திருப்பத்தில் கவிழும் அபாயம் கூடுகிறது. சக்கரம் பெரிதானால், பழைய பிரேக்குக்குப் பளு அதிகம். வேகத்தைக் காட்டும் முள்ளோ, உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். உயர்ந்தவனுக்குத் தன் வேகம் தனக்கே தெரியாமற் போகிறது என்பது வண்டிக்கு மட்டுந்தானா பொருந்தும்?

இரண்டாம் உலக யுத்தத்தில் பாலைவனத்திலும் சேற்றிலும் உழன்ற வில்லிஸ் ஜீப்பின் அடிப்பாகம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்பது அங்குல உயரத்தில் இருந்தது. 2020-ல் வந்த புதிய தாருக்கு 226 மில்லிமீட்டர். அதுவும் ஏறக்குறைய அதே ஒன்பது அங்குலந்தான். யுத்தகளத்துக்குப் போதுமாயிருந்த உயரம், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் தார் ரோட்டுக்குப் போதவில்லையாம்!

உயரமாக இருப்பதே தவறென்றால் சிதம்பரத்தில் தேர் ஓட முடியாது. ஆனித் திருமஞ்சனத்திலும் மார்கழித் திருவாதிரையிலும் அங்கே வீதிக்கு வருகிற தேர்களைப் பாருங்கள். கீழே கனத்த மரம். மேலே கழிகளும் சீலைகளும். பாரமெல்லாம் அடியில், உயரமெல்லாம் லேசு. பல கைகள் வடம் பிடிக்கின்றன. சக்கரத்தின் அருகிலேயே முட்டுக்கட்டையோடு ஆட்கள் நடக்கிறார்கள். ஜனங்களின் நடைக்கு மேல் அதற்கு வேகம் கிடையாது. எட்ட நிற்கும் கடைசி மனிதனுக்கும் தரிசனம் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட உயரம் அது.

"என் காசு, என் வண்டி, மற்றவர்களுக்கு என்ன மாமா?" என்று கேட்டான் பையன்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்பது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. சட்டத்தை விடுங்கள், நியாயத்தைப் பாருங்கள். உயர்த்திய வண்டியின் விளக்கு எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கிறது. அதன் முன் இரும்பு, சிறிய காரின் பம்பருக்கு மேலே போய் மோதும்.

2015-லும் 2024 டிசம்பரிலும் கடலூர் வெள்ளத்தில் தவித்ததே, அதை எண்ணிப் பாருங்கள். முழங்கால் தண்ணீர் நிற்கும் தெருவில் உயரமான வண்டி ஒன்று வேகமாகப் போனால் என்ன ஆகும்? வண்டிக்காரன் நனையாமல் போய்விடுவான். அவன் கிளப்பிய அலை இரண்டு பக்கமும் வாசற்படி தாண்டி வீட்டுக்குள் புகும். அடுப்பு நனையும், அரிசி நனையும். அதே வெள்ளத்தில் டிராக்டரும் போகிறது. அதன் பின்சக்கரம் ஆள் மார்பளவு உயரம். மெல்ல ஊர்ந்து, கிழவிகளையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போகிற அந்த டிராக்டரின் உயரத்தைக் கர்வம் என்று யாராவது சொல்வார்களா?

சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. சேற்றிலும் வரப்பிலும் பிழைப்பு நடத்துகிறவனுக்கு உயரம் ஒரு தேவை. மற்றவனுக்கு அது பிறர் கண்ணுக்காகப் பூண்ட நகை. அதன் பாரத்தையோ பிறர் சுமக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக மேஸ்திரி இன்னொன்று சொன்னார். கடலோரக் கிராமங்களின் மணற்பாதையில் வண்டி புதைந்துவிட்டால், அனுபவசாலி முதலில் டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்குவானாம். காற்று இறங்கியதும் டயர் மணலில் அகலப் படிகிறது, பாரம் பரவுகிறது, வண்டி நகர்கிறது. கெட்டிச் சாலைக்கு வந்ததும் மறுபடி காற்றடித்துக்கொள்ளலாம்.

இறங்கத் தெரிந்த சக்கரந்தான் மணலைக் கடக்கிறது. ஒட்டகத்தின் பாதத்துக்கு இது தெரியும். மனிதன்தான் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.