கோழிக்கு இட்ட வேலி

யாழ்ப்பாணத்துச் சிறு தோட்டக்காரரின் வளவில் புகையிலையும் கோழியும் அருகருகே வளர்கின்றன. நாற்றுமேடையைக் கோழி ஒரே காலையில் கிளறி முடித்துவிடும். ஆகவே அதைச் சுற்றி ஓலை வேலி. செடி வளர்ந்த பிறகு அதே கோழி வரிசைகளுக்கிடையே நடந்து புழுக்களைப் பொறுக்கித் தின்னும். இலை கசப்பதால் பெரும்பாலும் அதில் வாய் வைக்காது.

அந்தக் கசப்பில் இருப்பது நிக்கோட்டின். வேரில் உண்டாகி இலைக்கு ஏறும் நஞ்சு. தன்னைத் தின்ன வரும் பூச்சிகளுக்கு எதிராகச் செடி வைத்திருக்கும் காவல். நுனியை முறித்துவிட்டால் இலையில் அது இன்னும் கூடும். கோழி அடைகிடக்கும் கூட்டில் காய்ந்த புகையிலைக் காம்பைப் போட்டால் பேன் அண்டாது என்பது பழைய கைமருந்து. அமெரிக்காவில் நிக்கோட்டின் சல்பேட்டைக் கோழிகள் உறங்கும் கம்புகளில் பூசும் பேன்மருந்தாகவே விற்றார்கள். ஆக, இது நஞ்சு என்பது புதிய செய்தி அல்ல. கோழியை எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது என்பதற்கு வீட்டில் ஓர் ஒழுங்கு இருந்தது. இலையைத் தொடும் கைகளுக்கு என்ன ஒழுங்கு இருந்தது?

பனியிலும் மழையிலும் நனைந்த இலையிலிருந்து நிக்கோட்டின் தோல் வழியாக உடலுக்குள் இறங்கும். வியர்வையும் அதற்கு வழிவிடும். தலையிடி, குமட்டல், வாந்தி, தலைச்சுற்று. மருத்துவத்தில் இதற்குப் ‘பச்சைப் புகையிலை நோய்’ என்று பெயர். புகையிலை பழகிய உடலைவிட, பழகாத உடலையே இது அதிகம் வருத்தும். புகைக்காத, வாயில் போடாத ஓர் இளம்பெண் விடியற்காலையில் ஈர இலையைச் சுமந்துவிட்டு வாந்தி எடுத்தால், வீடு அதற்கு என்ன காரணம் சொல்லும்? வெயில், பித்தம், வெறும் வயிறு. கல்யாணமானவள் என்றால் வேறொரு காரணம். இலையைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள்.

வளவில் நடக்கும் வேலை வேலையாகக் கணக்கில் வராதது இதற்கு ஒரு காரணம். நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, வாட விரித்த இலையில் எச்சமிடாமல் கோழியைத் துரத்துவது, குடிலில் பொச்சுமட்டை எரிந்து சுவாலை விடாமல் புகையை மட்டும் காப்பது: இவையெல்லாம் சமையலுக்கும் பிள்ளைக்கும் இடையில் ‘ஒரு கை கொடுப்பது’. கூலி இல்லாத வேலைக்கு நோயும் இல்லை. முட்டை விற்ற சில்லறை அவளுடையது. இலை விற்ற காசு குடும்பத்துடையது, அதாவது அவனுடையது. அவனுடைய பயிரைக் காக்கத் தன்னுடைய கோழியை அவளே விரட்டுகிறாள்.

நிலம் அவளுடைய சீதனமாகவே இருக்கலாம். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையின் வழியில் வந்த சட்டம், மணமான பெண் தன் காணியை விற்கவும் ஈடு வைக்கவும் கணவனின் எழுத்துச் சம்மதத்தைக் கேட்கிறது. உறுதியில் பெயர் அவளுக்கு, முடிவு அவனுக்கு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். புகையிலை வாய்ப்புற்றுநோயைத் தருகிறது. அதைப் பதப்படுத்தும் பெண்ணுக்கு அந்தத் தீங்கில் பங்கு இல்லையா? ‘பாவம், அவளுக்கு என்ன தெரியும்’ என்று விடுவிப்பது எளிது. ஆனால் அது அவளைக் குழந்தையாக்குகிறது. அவளுக்குத் தெரியும், கோழிக்கூட்டில் காம்பைப் போடுபவள் அவள்தான். அறிவு இருந்தது, அதிகாரம் இல்லை. எதை நடுவது, எப்போது நிறுத்துவது என்று சொல்ல முடிந்த அளவுக்கே ஒருவர் பொறுப்பாளி. ஆகவே பழியைப் பங்கிடுமுன் சொல்லுரிமையைப் பங்கிட வேண்டும்.

இலங்கை 2003இல் ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, பயிரிடுவோருக்கு மாற்றுத் தொழிலையும் அவர்களின் உடல்நலக் காப்பையும் பேசுகிறது. ‘பயிரிடுவோர்’ யார்? பட்டியலில் பெயர் உள்ளவரா, கையில் பிசின் ஒட்டியவரா? புகையிலையை விட்டு வெங்காயத்துக்கோ மிளகாய்க்கோ மாறும் பேச்சு நடக்கும்போது, அவளுக்கும் அங்கே ஓர் இருக்கை வேண்டும். அதுவரை, இலை தொடும் கைக்குக் கையுறையும், வேலை முடிந்ததும் கழுவச் சவர்க்காரமும், ஈரம் உலரும்வரை காத்திருக்கும் நேரமும் வேண்டும். கோழிக்கு வேலி கட்டத் தெரிந்த வீட்டுக்கு இவை பெரிய காரியங்கள் அல்ல.