அலுமாரித் திறப்பு

அறிவைப் பொதுவில் வைத்துவிட்டால் அது எல்லோர்க்கும் உரியதாகிவிடுமா? 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்தோம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களை விலையின்றி வழங்குகின்றது. குறிகட்டுவானில் படகேறாமலே நெடுந்தீவு மாணவர் அவற்றைப் படிக்கலாம். இனிப் பள்ளிக்கூட நூலகர் எதற்கு என்று கேட்போரும் உளர்.

கைபேசி வாங்க வசதியற்ற கடற்றொழிலாளியின் மகளுக்கு அந்த அலுமாரி பூட்டியே கிடக்கின்றது. கைபேசி உள்ள மாணவனுக்கோ எதைத் தேடுவது, எதை நம்புவது என்று சொல்ல ஆள் வேண்டும். முன்னர் திறப்பைக் காவல் செய்வதே நூலகர் தொழிலெனக் கருதினோம். இன்று அவர் பள்ளிக் கணினியை அவளுக்குத் திறந்துவிட வேண்டும். அவனுக்கு ஐயுறக் கற்பிக்க வேண்டும். அவரில்லாத தீவில் பொதுச்சொத்தும் வசதியுள்ளோர் சொத்தே. ஆதலால் தீவுப் பள்ளிகளுக்கு நூலகர் கேட்பதைச் சலுகையென எண்ணோம். அது நம் பிள்ளைகளின் உரிமை.