பூட்டும் களிம்பும்

செங்கற்பட்டுச் சீமையிலே, வண்டலூர்ப் பக்கத்தில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஹெரால்டு கார்களில் ஒன்று, மாமல்லபுரத்துக் கடற்காற்றில் பல்லாண்டு நின்றபின், அதன் பூட்டு சாவியை ஏற்றும் திரும்ப மறுக்குமானால், குற்றம் சாவியுடையதா, பூட்டுடையதா, திருப்பும் கையுடையதா என்னும் வினா எழுகிறது; இஃது இயந்திர விசாரமாகத் தொடங்கி ஆத்ம விசாரமாக முடியத்தக்கது.

பூட்டின் உருளைக்குள் சிறு பித்தளைத் தகடுகள் வில்லின் பலத்தால் துருத்தி நிற்கின்றன. உரிய சாவி நுழைந்ததும் அவை அனைத்தும் ஒரே மட்டத்தில் அடங்க, உருளை தடையின்றிச் சுழன்று மின்னோட்டத்துக்கு வழிவிடுகிறது. உப்புக்காற்றால் களிம்பேறி ஒரு தகடு அடங்காது நின்றாலும் போதும், வண்டி அசையாது. அப்போது பலாத்காரம் செய்பவன் சாவியை முறிக்கிறான். எண்ணெய் ஊற்றுபவன் புழுதியைச் சேர்க்கிறான். தேய்ந்த சாவியைப் பார்த்துப் புதியது வெட்டுபவன் தேய்மானத்தையே பிரதி செய்கிறான். களிம்பைக் கழுவி, உலர்த்தி, கிராபைட் தூள் இட்டு, மூல அளவின்படி சாவி அமைப்பவனுக்கே பூட்டு இணங்கும்.

சைவ சித்தாந்திகள், உயிரை மறைக்கும் ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறினர். காற்று அதனை எங்கிருந்தோ கொணர்ந்து பூசவில்லை. உலோகத்தின் உள்ளியல்பையே வெளிப்படுத்திற்று. ஆதலின், உலகம் நம்மைக் கெடுத்தது என்று புலம்புவது பாதி உண்மையே. அருளாகிய சாவி ஒருநாளும் தேய்வதில்லை. அதற்கு அடங்க இசைவதே ஜீவனின் கடன். அன்பர்களே, திறவாமைக்குச் சாவியை நோவதற்கு முன், அகத்தின் களிம்பைக் கழுவுங்கள்.