சம்பளத்தில் அடங்காதது

2016 செப்டம்பர் 1, சான் டியாகோ மைதானம். அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய பயிற்சி ஆட்டம். படைவீரர்களைக் கௌரவிக்கும் இரவு அது. தேசிய கீதம் தொடங்கியதும், சான் பிரான்சிஸ்கோ அணியின் காலின் கேப்பர்னிக் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார். சக வீரர் எரிக் ரீட் பக்கத்திலேயே மண்டியிட்டார். அவர்களை ஒட்டி ஒருவர் நெஞ்சில் கைவைத்து நிமிர்ந்து நின்றார். அவர் நேட் பாயர், ராணுவச் சிறப்புப் படையில் பணியாற்றியவர்.

போலீஸ் கறுப்பின மக்களை நடத்தும் விதத்தைக் கண்டித்து, முந்தைய ஆட்டங்களில் கீதம் ஒலித்தபோது கேப்பர்னிக் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். அது தன்னைப் புண்படுத்துகிறது என்று பாயர் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். இருவரும் நேரில் சந்தித்துப் பேசினார்கள். மாண்ட தோழனின் கல்லறை முன் படைவீரன் மண்டியிடுவதுண்டு, உட்காருவதற்குப் பதில் அப்படிச் செய்யலாம் என்று யோசனை சொன்னவர் பாயர்தான். நாடே பிளவுபட்டுச் சண்டையிடக் காரணமான அந்தச் செய்கை, கருத்து வேறுபட்ட இருவர் உட்கார்ந்து பேசியதில் பிறந்தது.

2017 மார்ச்சில் கேப்பர்னிக் தன் ஒப்பந்தத்திலிருந்து விலகினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் தன் அணியை சூப்பர் பவுல் இறுதியாட்டம்வரை கொண்டுசென்ற அவரை, அதன்பின் எந்த அணியும் எடுக்கவில்லை. அணி உரிமையாளர்கள் கூடிப் பேசித் தன்னை ஒதுக்கினார்கள் என்று அவர் தொடுத்த முறையீடு, 2019 பிப்ரவரியில் ரகசியச் சமரசத்தில் முடிந்தது. ஆனால் அது எழுப்பிய கேள்வி முடியவில்லை. சம்பளம் கொடுப்பவர் ஒருவரின் வாயை எதுவரை கட்டலாம்?

சட்டத்தின் பதில் சுருக்கமானது. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. கொடிக்கு வணக்கம் செலுத்தும்படி பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1943இல் தீர்ப்பளித்தது. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது. ஆனால் அரசுப் பள்ளிக்குச் சொன்னது தனியார் அணிக்குப் பொருந்தாது. அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில், தனியார் நிறுவனம் காரணம் சொல்லாமலே ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். சட்டம் அனுமதிப்பதெல்லாம் அறமாகிவிடுமா என்பதுதான் இங்கே எடைபோட வேண்டியது.

உரிமையாளர் தரப்பை லேசாகத் தள்ளிவிட முடியாது. மைதானம் அவருடையது, சீருடை அவருடையது, கேமராவைக் கொண்டுவந்ததும் அவருடைய வியாபாரம். ரசிகர்கள் காசு கொடுத்து வருவது ஆட்டம் பார்க்க. அவர்களில் போரில் மகனைப் பறிகொடுத்த தாயும் இருக்கலாம். அந்தக் கீதம் அவளுக்கு வெறும் பாட்டல்ல. கடைக்குச் சாமான் வாங்கப் போனவரிடம் கல்லாவில் இருப்பவர் அரசியல் பேசினால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த நமக்கு இந்த வாதம் எளிதில் புரியும்.

ஆனால் மைதானத்துக்குள் அரசியலை முதலில் கொண்டுவந்தது யார்? பந்தை உதைக்கவும் எறியவும் தேசிய கீதம் தேவையில்லை. அது விழாவாக அங்கே சேர்க்கப்பட்டது. தொழில்முறை அணிகளின் ஆட்டங்களில் நடந்த தேசபக்திக் காட்சிகள் சிலவற்றுக்குப் பாதுகாப்புத் துறை பணம் கொடுத்திருந்ததை, ஜான் மெக்கெயின், ஜெஃப் ஃபிளேக் என்ற இரு செனட்டர்களின் அறிக்கை 2015இல் அம்பலப்படுத்தியது. அத்தகைய ஒப்பந்தங்களுக்குச் செலவானதாக அது காட்டிய தொகை சுமார் 68 லட்சம் டாலர். மெக்கெயின் வியட்நாமில் போர்க்கைதியாக ஐந்தாண்டுக்கு மேல் வதைபட்டவர். தேசபக்தியை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காசு வாங்கிக்கொண்டு ஒரு கருத்தை மேடையேற்றிய நிறுவனம், இங்கே கருத்துக்கு இடமில்லை என்று தொழிலாளியிடம் சொல்வது நேர்மையாகாது.

வேலை நேரத்தில் பேசாதே என்பது ஒரு கட்டளை. இதை நம்புவதாகக் காட்டு என்பது வேறு கட்டளை. முதலாவதற்குப் பல நேரம் நியாயம் உண்டு. இரண்டாவதற்கு மிக அரிதாகவே உண்டு. கணக்கு எழுதுபவரிடம் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம், பக்தியைக் கேட்க முடியாது. உப்புக்கு நன்றி உழைப்பில் தெரிய வேண்டும். மனச்சாட்சியையும் சேர்த்து எழுதிக்கொடுத்ததாக எந்தச் சம்பளச் சீட்டிலும் இல்லை.

மண்டியிடுவது மௌனம் மட்டுமல்ல, அதுவும் ஒரு பேச்சுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் அளவுகோல் வேண்டும். வேலையைக் கெடுக்கிறதா? யாரையாவது இழிவுபடுத்துகிறதா? பக்கத்தில் இருப்பவரைக் கட்டாயப்படுத்துகிறதா? இந்த மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் தடுப்பது அநீதி. ஆட்டம் தொடங்குமுன் இரண்டு நிமிடம் ஊன்றிய முழங்கால் இந்தச் சோதனையில் தேறுகிறது. அதே கேப்பர்னிக் பயிற்சியின்போது அணிந்த காலுறையில் போலீஸ் தொப்பி போட்ட பன்றிகள் இருந்தன. அது தேறாது. நேர்மையாகப் பணிபுரியும் காவலரையும் அது சேர்த்து இழிவுபடுத்தியது. ஒருவரின் ஒரு செயலை ஆதரிப்பதற்காக அவருடைய எல்லாச் செயலையும் ஆதரிக்க வேண்டியதில்லை.

அளவுகோல் எதிர்த் தரப்புக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 2017 செப்டம்பர் 22 அன்று, மண்டியிடுபவர்களை வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்று அதிபர் டிரம்ப் அலபாமா கூட்டத்தில் முழங்கினார். இரண்டு நாள் கழித்து சிகாகோவில், இந்தச் சர்ச்சையே வேண்டாம் என்று பிட்ஸ்பர்க் அணி கீதம் முடியும்வரை உள்ளேயே இருந்துவிட்டது. மைதானத்துக்கு வரும் சுரங்கப்பாதையின் வாயிலில் ஒருவர் மட்டும் நெஞ்சில் கைவைத்து நின்றார். அவர் அலெஹாண்ட்ரோ வில்லனுவேவா, ஆப்கானிஸ்தானில் போரிட்டுத் திரும்பியவர். கொடியைப் பார்க்க முன்னே வந்ததில் தனியாகிப்போனதாக மறுநாள் விளக்கி, தோழர்களைச் சங்கடத்தில் விட்டதற்காக வருந்தினார். நின்றதற்காக ஒருவர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்ததும், மண்டியிட்ட ஒருவரை அதன்பின் எந்த அணியும் எடுக்காததும் ஒரே நோயின் இரு அறிகுறிகள். கேப்பர்னிக்குக்காகப் பேசுபவர் வில்லனுவேவாவுக்காகவும் பேச வேண்டும். இல்லையென்றால் அவர் காப்பது உரிமையை அல்ல, தன் கட்சியை.

2018 மே மாதம் இந்த அணிகள் ஆடும் லீக் ஒரு விதி கொண்டுவந்தது. மைதானத்தில் இருப்பவர் நிற்க வேண்டும், மனமில்லாதவர் உடைமாற்றும் அறையிலேயே இருந்துகொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாதவரை மனச்சாட்சிக்கு அனுமதி என்பதே அதன் பொருள். ஜூலையிலேயே அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தை ஒரு போலீஸ்காரரின் முழங்கால் நெரித்துக் கொன்றது. அதையடுத்து ஜூன் மாதம் லீக்கின் தலைவர் ரோஜர் குடெல், வீரர்கள் சொன்னதை முன்பே கேட்காதது தவறு என்று காணொளியில் ஒப்புக்கொண்டார்.

கேப்பர்னிக்கிடம் பணமும் புகழும் இருந்தன, பின்னால் ஒரு தொழிற்சங்கமும் இருந்தது. அவருக்கே இந்த நிலை என்றால், கிடங்கில் பெட்டி அடுக்குபவர் எதை நம்பி வாய்திறப்பார்? நிறுவனம் நடத்துபவர்கள் வேலையை மட்டும் கேட்கட்டும். தவறை ஒப்புக்கொண்ட குடெலின் காணொளியில்கூடக் கேப்பர்னிக்கின் பெயர் சொல்லப்படவே இல்லை.