ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்



பிறந்ததும் அழாத குழந்தையைத் தென்காசியிலிருந்து ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டு போகிறார்கள். சில நாள் கழித்து மருத்துவர், “தலை ஸ்கேனில் மூளைப் பாதிப்பு தெரிகிறது” என்கிறார். “ஹஜரத், அந்தப் படத்தை நம்பலாமா?” என்று பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது?

நம்புங்கள். பச்சிளங் குழந்தையின் உச்சிக்குழி மூடியிருக்காது. அதன் வழியே அல்ட்ராசவுண்டில் மூளையைப் பார்க்கலாம். இரத்தக் கசிவு தெரியும். மூச்சுத்திணறலால் வந்த காயத்தை எம்.ஆர்.ஐ. இன்னும் தெளிவாகக் காட்டும். மூளையின் ஆழத்தில், அசைவை ஆளும் பகுதியில் காயம் பலமாக இருந்தால் கை கால் இயக்கத்தில் குறை வரும் வாய்ப்பு அதிகம். அறிவும் அல்லாஹ் தந்த அருட்கொடைதான். “துஆ போதும், ஸ்கேன் எதற்கு?” என்று சொல்வது ஈமான் அல்ல.

நல்லது என்று நினைப்பதையும் சோதித்துத்தான் அறிய வேண்டும். மூச்சுத்திணறிய குழந்தையின் உடலைக் குளிரவைத்தால் மூளையைக் காக்கலாம் என்பது மேலைநாடுகளில் பலன் தந்த சிகிச்சை. அதை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் ‘ஹீலிக்ஸ்’ ஆய்வு சோதித்தது. சென்னையும் அதில் உண்டு. 2021இல் முடிவு வந்தது: பலன் இல்லை, குளிரவைத்த குழந்தைகளிடையே மரணம்தான் கூடுதல்.

ஆனால் படத்துக்கும் எல்லை உண்டு. முதல் நாள் படத்தில் தெரியாத காயம் சில நாள் கழித்துத் தெரியலாம். சாரல் காலத்தில் மேகம் மூடிய குற்றால மலையைப் பார்த்து, அங்கே மலையே இல்லை என்போமா? அதேபோல் ‘வாய்ப்பு அதிகம்’ என்றால் ‘நிச்சயம்’ என்று பொருள் அல்ல. மறைவானதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. படம் காயத்தைச் சொல்லும். அந்தக் குழந்தையின் மதிப்பைச் சொல்லாது.

இன்னொன்று. “கிரகணத்தன்று வெளியே வந்தாள், அதனால்தான்” என்று தாயை நோக்கி விரல் நீட்டுகிறோம். நபி (ஸல்) அவர்களின் சின்னஞ்சிறு மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். யாருடைய மரணத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் மறுத்தார்கள். அந்த மகனுக்காகக் கண்ணீரும் வடித்தார்கள். துக்கம் உண்மையை மறைக்கவில்லை. உண்மை இரக்கத்தைக் குறைக்கவில்லை. ஸ்கேன் முன்னால் நிற்கும் பெற்றோருக்கு இதைவிட வேறென்ன வழிகாட்டுதல் வேண்டும்?

எனவே மருத்துவரிடம் கேளுங்கள்: எந்த இடத்தில் காயம்? படம் பிறந்த எத்தனையாவது நாளில் எடுத்தது? குழந்தை தானாக மூச்சுவிடுகிறதா, பால் உறிஞ்சுகிறதா? வென்டிலேட்டரைத் தொடர்வதா என்பதை ஒரே படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மருத்துவரோடும் மார்க்க அறிஞரோடும் உட்கார்ந்து பேசுங்கள்.

ஜமாஅத்தாருக்கும் கடமை உண்டு. குறையோடு வீடு திரும்பும் குழந்தைக்கு மாதக்கணக்கில் பிசியோதெரபி வேண்டும். பஸ் செலவுக்கே அந்த வீட்டில் இருக்காது. அந்தக் குழந்தை பெற்றோருக்கு மட்டுமல்ல, நம் மஹல்லாவுக்கும் அமானிதம்.

நோயுற்ற குழந்தைகளுக்கு ஷிஃபாவையும், பெற்றோருக்குப் பொறுமையையும், நமக்கு இரக்கமுள்ள நாவையும் அல்லாஹ் தருவானாக! ஆமீன்.